சின்னான் கூடும் ஒரு மஞ்சள் கிளிப்பும்

அந்த மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கப் போன யாரும் அவர் பெயரைக் கேட்டதில்லை. கேட்க நேரமும் கிடைக்காது. உள்ளே காலடி வைத்ததும், "இங்க நில்லுங்க, தாடைய மேல வைங்க, மூச்ச இழுங்க, பிடிங்க, அசையாதீங்க" என்று கடகடவென்று சொல்லிவிட்டு, தடுப்புக்குப் பின்னால் ஓடிப் பொத்தானை அழுத்தி, "விடுங்க" என்பார். நர்சுகள் அவருக்கு மூச்சுப்பிடி என்று பெயர் வைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அப்புறம் முகத்துக்கு நேராகவே "மூச்சுப்பிடி அண்ணே" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

இருபத்தாறு வருஷமாக ஊரையே அசையாமல் நிற்க வைத்த மனிதர் அவர். அவரை ஒரு நிமிஷம் நிற்க வைக்கத்தான் ஆளில்லை. டீயை நடந்துகொண்டே குடிப்பார். படம் பார்க்கப் போனால் இடைவேளைக்குள் மூன்று தடவை வெளியே போய்விட்டு வருவார். பல் தேய்த்துக்கொண்டே செருப்பைத் தேடுவார், செருப்பைத் தேடிக்கொண்டே போன் பேசுவார், கடைசியில் பிரஷ்ஷை எங்கே வைத்தோம் என்று வீட்டையே புரட்டிப்போடுவார். முடிவெட்டுகிறவர் ஒருநாள் பொறுமையிழந்து கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். "சார், நீங்க முதல்ல ஆடி முடிங்க, நான் அப்புறம் வெட்டுறேன்" என்றாராம்.

நாற்பத்தேழாவது வயதில் ரத்த அழுத்தம் எகிறியது. மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், தினமும் அரைமணி நேரம் ஓர் இடத்தில் சும்மா உட்காரச் சொன்னார். மாத்திரையை விழுங்குவது சுலபமாக இருந்தது. சும்மா உட்காருவதுதான் தொண்டையில் சிக்கியது. நாலு நாள் கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தார், நாலு நாளும் எழுந்து போய் மின்விசிறியைத் துடைத்தார். ஐந்தாம் நாள், கல்யாண வீடுகளில் படம் எடுத்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் அந்தத் தொழிலே வேண்டாம் என்று விட்டபோது, அவருடைய கேமராவும் முழங்கை நீளமுள்ள வெள்ளை லென்சும் நம் ஆளிடம் வந்து சேர்ந்தன.

அப்படித்தான் பறவைக் கிறுக்கு பிடித்தது. அதுவும் காட்டுப் பறவை இல்லை. வீட்டுக் கொல்லையில் துவைக்கிற கல்லுக்கும் எலுமிச்சை மரத்துக்கும் நடுவே வந்துபோகிற சில்லறைப் பறவைகள்தான். அறுநூறு மில்லிமீட்டர் லென்சு, அறுபது மெகாபிக்சல் கேமரா, எதிரே பதினைந்து அடியில் ஒரு தேன்சிட்டு. கொசுவுக்குப் பீரங்கியா என்று அவருடைய மகள் கேட்டாள். இறகின் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்த முதல் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அவருக்கு அந்தக் கேள்வியே காதில் ஏறவில்லை.

ஒரே சிக்கல், கொல்லையைப் பார்க்க வசதியான ஜன்னல் குளியலறையில் இருந்தது. கேமரா முக்காலியை அங்கே நிறுத்தி, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி மாட்டி, லென்சுக்கு மட்டும் ஓட்டை விட்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துவிடுவார். அங்கே மட்டும் அவர் கால் ஆடாது, கை ஆடாது. வெளியே கல்லூரிக்கு நேரமாகிறது என்று மகள் கதவைத் தட்டுவாள். "அப்பா, குருவி குளிக்குதா, நீங்க குளிக்கிறீங்களா?" என்று கேட்டு வீட்டையே சிரிக்கவைப்பாள். அவர் உள்ளிருந்து "உஷ்" என்பார்.

ஊரில் அவரைப்போலவே கிறுக்குப் பிடித்த முப்பது பேர் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதன் தலைவர் ஒரு பல் டாக்டர். எந்தப் படத்தைப் போட்டாலும் அதில் சொத்தை எங்கே என்றுதான் முதலில் தேடுவார். வருஷக் கடைசியில் அவர் பன்னிரண்டு படங்களைத் தேர்ந்தெடுத்து நாட்காட்டி போடுவார். நான்கு வருஷமாக நம் ஆள் படம் அனுப்பிக்கொண்டிருந்தார், நான்கு வருஷமும் அதில் அவருக்கு ஒரு மாதம்கூடக் கிடைக்கவில்லை. ஒரு பிப்ரவரியாவது கொடுத்திருக்கலாம் என்று மனைவியிடம் குமுறுவார். குழுவில் ஒரு சட்டம் இருந்தது: படத்துக்காகக் கூட்டைத் தொடக்கூடாது, கிளையை வெட்டக்கூடாது. வெட்டினவன் என்று தெரிந்தால் அன்றைக்கே வெளியே போக வேண்டியதுதான்.

இவர் வெட்டுகிற ஆள் இல்லை. இவருக்கென்று ஒரு வித்தை இருந்தது. மரத்தை ஒட்டித்தான் துணிக்கொடி ஓடுகிறது. குறுக்கே நிற்கிற கொப்பை மெல்ல வளைத்துக் கொடியோடு சேர்த்துத் துணிக் கிளிப்பை மாட்டிவிடுவார். படம் எடுத்ததும் கிளிப்பைக் கழற்றினால் கொப்பு பழைய இடத்துக்குப் போய்விடும். மரத்துக்கும் வலியில்லை, பறவைக்கும் தொந்தரவில்லை. இந்தக் கண்டுபிடிப்பில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

அந்த வருஷம் எலுமிச்சை மரத்தில் ஒரு சின்னான் ஜோடி கூடு கட்டியது. தலையில் சின்னக் கொண்டை, வாலுக்கடியில் ஒரு சிட்டிகைச் சிவப்பு, வாய் ஓயாத பறவை. கிண்ணம்போல ஒரு கூடு, அதில் மூன்று குஞ்சுகள் பொரித்தன. இவர் வீட்டில் பேச்செல்லாம் அந்த மூன்றைப் பற்றித்தான். மகளின் பரீட்சைத் தேதி அவருக்குத் தெரியாது, குஞ்சுக்கு எத்தனை நாள் என்று மட்டும் மணிக்கணக்கோடு சொல்வார். ஆனால் ஒரு நல்ல படம் அமையவில்லை. கூட்டுக்கு மேலே கவிந்து, முன்பக்கமும் நாலைந்து இலையோடு ஒரு கொப்பு தொங்கியது. லென்சு அந்த இலையைப் பிடித்துக்கொண்டு பறவையை விட்டுவிடும், அல்லது படத்தின் குறுக்கே பச்சைப் புகைபோல ஒரு கறை விழும்.

குஞ்சு பொரித்த ஆறாம் நாள் காலை ஏழேகாலுக்கு, தாய் இரை தேடிப் போன நேரம் பார்த்து, கொப்பை வளைத்து மஞ்சள் கிளிப்பை மாட்டிவிட்டு ஓடிவந்து வாளிமேல் உட்கார்ந்தார். தாய் வந்தது. வாயில் ஒரு பச்சைப்புழு. மூன்று வாய்களும் ஒன்றாகத் திறந்தன. கேமரா சத்தமில்லாமல் வினாடிக்கு இருபது படம் எடுத்தது. அவர் மூச்சுகூட விடவில்லை. கேமராத் திரையில் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். நான்கு வருஷத்துக்கு இந்த ஒரு படம் போதும் என்று தோன்றியது.

அந்த நிமிஷம் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. காலை வேலைக்கு வரவேண்டியவர் வரவில்லை, வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது, உடனே வாங்க என்றார்கள். அவர் கேமராவிலிருந்து கார்டைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டார், ஒரு கையால் சட்டையை மாட்டினார், மறு கையால் கதவைச் சாத்தினார், மனைவி நீட்டிய சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு ஓடினார். பஸ்ஸிலேயே கார்டைச் சின்ன ரீடரில் செருகிப் போனில் மாட்டி, படத்தைக் குழுவுக்கு அனுப்பியும் விட்டார். இறங்குவதற்குள் பல் டாக்டர் பதில் போட்டிருந்தார்: "இந்த வருஷம் அட்டைப்படமே இதுதான்."

அன்று காலை முழுக்க அவர் தரையில் நடக்கவில்லை. முழங்கால் எக்ஸ்ரேக்கு வந்த பாட்டியம்மாவிடம் "அருமையா இருக்கு" என்றார். எது அருமை என்று அந்த அம்மாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

பன்னிரண்டரைக்குக் கூட்டம் கொஞ்சம் குறைந்தது. எக்ஸ்ரேக்களைப் பார்த்து அறிக்கை எழுதுகிற டாக்டரம்மா பக்கத்து அறையில் இருந்தார். இவருடைய அலப்பறை தாங்காமல், "கொண்டாங்க அண்ணே, அப்படி என்னதான் எடுத்திருக்கீங்க, பெரிய ஸ்கிரீன்ல பாத்துடுவோம்" என்றார். எலும்பில் மயிரிழை விரிசலைக்கூடக் காட்டுகிற திரை அது. அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் படத்தைப் போட்டார்கள்.

"அண்ணே! புழுவோட காலைக்கூட எண்ணலாம் போல!"

அவர் பெருமை தாங்காமல் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். குஞ்சுகளின் தொண்டைச் சிவப்பு. தாயின் கண். அந்தக் கண்ணுக்குள் ஒரு துளியாகக் கொல்லை, துவைக்கிற கல், வானம். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு நெருங்கி உட்கார்ந்தார். அவர் படத்தை நகர்த்தி நகர்த்தி ஒவ்வோர் ஓரமாகக் காட்டினார். மேல் மூலைக்கு வந்தபோது ஒரு மஞ்சள் பட்டை தெரிந்தது.

"இது என்ன, பூவா?" என்றார் டாக்டரம்மா.

பூ இல்லை. கிளிப். அது படத்தில் இருப்பது பிழையில்லை, படம் எடுத்தபோது அது அங்கேதான் இருந்தது. அவர் அதைக் கழற்றின நிமிஷத்தை மனதில் தேடினார். ஏழேகாலுக்கு மாட்டியது ஞாபகம் இருக்கிறது. போன் வந்தது ஞாபகம் இருக்கிறது. சட்டை, கதவு, சாப்பாட்டுப் பை, பஸ். கழற்றின ஞாபகம் எங்கேயும் இல்லை. இல்லாததை எத்தனை தடவை தேடினாலும் கிடைக்காது. ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் அந்த மரத்தின்மேல் நேராக இறங்கிவிடும். அந்தக் கொப்புதான் கூட்டுக்குக் கூரை. குஞ்சுகளுக்கு இன்னும் இறகுகூட முளைக்கவில்லை.

"என்ன அண்ணே, முகம் இப்படி வெளுத்துப்போச்சு?"

அவர் வராந்தாவுக்கு ஓடி வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவர். மெஷின் ஓடினால் காதில் எதுவும் விழாது, போனோ எப்போதும் சமையலறையில் சார்ஜில் கிடக்கும். அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டார். மறுபடி. வராந்தாவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். மகளுக்குப் போட்டார், பரீட்சை அறையில் இருந்த மகளின் போன் அணைந்திருந்தது. பரீட்சை அன்றைக்குத்தான் என்பதே அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஏழாவது தடவை மனைவி எடுத்தார்.

"என்னங்க, என்னாச்சு? இத்தனை தடவை அடிச்சிருக்கீங்க?"

"கொடியில மஞ்சக் கிளிப் ஒண்ணு கெடக்கும் பாரு..."

"ஆமா, காலையில படுக்கை விரிப்பு காயப் போடறப்பவே பாத்தேன். கொப்பைச் சேத்து மாட்டியிருந்தீங்க."

"பாத்தியா? பாத்துட்டு ஏன் எடுக்கல?" அவர் போட்ட சத்தத்தில் காத்திருந்த நோயாளிகள் எல்லாரும் திரும்பினார்கள்.

"போன மாசம் ஒரு துண்டை இடம் மாத்திப் போட்டேன்னு என்ன சொன்னீங்க? 'என் செட்டிங்ல யாரும் கை வைக்கக் கூடாது'ன்னீங்க. ரெண்டு நாள் முகம் குடுத்துப் பேசல. அதான் கிளிப்பைத் தொடாம, விரிப்பைச் சுவர்மேல போட்டேன்."

"போ, உடனே போய் எடு. வெயிலு... குஞ்சு வெயில்ல கெடக்கு" என்று மட்டும் சொன்னார் அவர். மனைவி போனைக்கூட வைக்காமல் ஓடுகிற சத்தம் கேட்டது, பிறகு இணைப்பு அறுந்துவிட்டது.

தானே கிளம்பிவிடலாம் என்று டாக்டரம்மாவிடம் வாயெடுத்தார். அதற்குள் அவசரப் பிரிவிலிருந்து தள்ளுவண்டி வந்தது. மாடிப்படியில் உருண்ட ஒரு பெரியவர், இடுப்பெலும்பு. பின்னாலேயே சட்டைப் பொத்தானை விழுங்கிய ஒரு சின்னப் பொண்ணு, அழுதுகொண்டே அவளுடைய அம்மா. எக்ஸ்ரே அறையில் இவரை விட்டால் ஆளில்லை. பெரியவரைத் திருப்பிப் படுக்க வைத்தார், பொத்தானை அழுத்தினார், திரையில் பார்த்தால் படம் கலங்கிக் கிடந்தது. மூச்சைப் பிடிக்கச் சொல்லவே மறந்திருந்தார். இருபத்தாறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. "மன்னிச்சுக்குங்க ஐயா, இன்னொரு தடவை" என்றபோது அவர் குரல் அவருக்கே வேறு யாருடைய குரலோபோலக் கேட்டது.

பொத்தான் வயிற்றில் பத்திரமாக இருந்தது. அந்த அம்மாவைத் தேற்றி அனுப்பிவிட்டுத் திரும்பும்போது மனைவியிடமிருந்து போன் வந்தது.

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன். கொப்பு பழைய இடத்துக்கு வந்துருச்சு." மனைவிக்கு மூச்சு வாங்கியது. "என்னங்க, அந்தத் தாய்க்குருவி இருக்கே... கூட்டு மேல நின்னுக்கிட்டு ரெண்டு றெக்கையையும் அகல விரிச்சு வச்சிருக்குங்க. குடை பிடிச்ச மாதிரி. வாயைப் பொளந்துகிட்டு மூச்சு வாங்குது. நான் கிட்டப் போறேன், பறக்கல. கொப்பு அது முதுகுல உரசுது, அப்பவும் பறக்கல. என் கைக்கும் அதுக்கும் ஒரு சாண்கூட இல்லைங்க. என்னையே பாக்குது. காலையிலேர்ந்து அப்படியே நின்னிருக்கும் போல..."

அவருக்குக் கண்ணெதிரே அந்தக் காட்சி விரிந்தது. சிறகு இரண்டும் விரிந்து, ஓரத்தில் வெயில் பட்டு, பின்னால் எலுமிச்சை இலைகள் பச்சையாகக் கலங்கி. வாழ்க்கையில் ஒருமுறை கிடைக்கிற காட்சி.

"போட்டோ எடுத்தியா?" என்று கேட்டுவிட்டார்.

சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. திரும்ப விழுங்க வழியில்லை.

"வைக்கிறேன்" என்றார் மனைவி.

ஆறு மணிவரை அவர் பட்ட பாட்டை நர்சுகள் வெகுநாள் பேசினார்கள். போனை எடுப்பார், வைப்பார். வராந்தாவில் நடப்பார், தண்ணீர் பிடிப்பார், குடிக்காமல் கொட்டுவார். மனைவியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டால் போதும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நாக்கு எழவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். கேட்காதவரை மூன்றும் உயிரோடு இருக்கும் என்று மனசு ஒரு கணக்குப் போட்டது, அந்தக் கணக்கு கோழைத்தனம் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. நடுவில் பல் டாக்டர் எழுதினார்: "மேல் மூலையில் மஞ்சளாக ஏதோ இருக்கிறதே, ஓரத்தை வெட்டிவிடலாமா?" அவர் யோசிக்காமல், "வெட்டிடுங்க" என்று பதில் போட்டார்.

வீட்டுக்கு வந்தபோது குளியலறை காலியாக இருந்தது. முக்காலி மடிந்து சுவரில் சாய்ந்திருந்தது, கேமரா கட்டில்மேல் விரிப்பைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. மனைவி கொல்லைப்படியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். மகள் பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாள் என்றார். நல்லது என்றார் இவர். பஸ்ஸில் கூட்டம் என்றார். ஒரு பொண்ணு பொத்தானை விழுங்கிவிட்டது என்றார். மனைவி ஒவ்வொரு துணியாக மடித்து அடுக்கிக்கொண்டே இருந்தார். எலுமிச்சை மரத்தில் இலை அடர்ந்து கூடு இருப்பதே தெரியவில்லை. தாய் எதையோ கவ்விக்கொண்டு வந்து உள்ளே புகுந்தது. கீச்சுச் சத்தம் எழுந்தது. அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். சத்தத்தை எண்ண முடியவில்லை.

கேட்டுத்தான் ஆகவேண்டியிருந்தது. "மூணும் இருக்குல்ல?" என்றார்.

மனைவி மடித்துக்கொண்டிருந்த துண்டை மடியில் வைத்தார். "ரெண்டு இருக்கு."

அவர் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான் போறப்பவே ஒண்ணு போயிருச்சு. ஓரத்துல கெடந்தது, தாயோட றெக்கை அதுக்கு எட்டல. நிழல் ரெண்டுக்குத்தான் போதுமா இருந்திருக்கு." மனைவியின் குரல் உடைந்தது. "கையில எடுத்தா சுடுதுங்க. செத்துப்போன குஞ்சு, அடுப்புலேர்ந்து எடுத்தாப்புல சுடுது. மரத்தடியில பொதச்சுட்டேன். காலையில ஒரு நிமிஷம் கையை நீட்டியிருந்தா போதும். நீட்டப்போயிட்டுத்தான் உங்க முகத்தை நெனச்சு கையை இழுத்துக்கிட்டேன்."

"நான்தான். எல்லாம் நான்தான்" என்றார் அவர். அப்புறம், "போன்லயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"நீங்க கேக்கலையே."

மனைவி அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரைக் கொன்றது. கால் ஆடாமல், கை ஆடாமல் இருட்டுகிறவரை அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு போனை எடுத்து, பல் டாக்டருக்குத் தனியாக இல்லை, முப்பது பேரும் பார்க்கிற குழுவிலேயே எழுதினார்: "ஓரத்தை வெட்ட வேண்டாம். மஞ்சளாக இருப்பது கிளிப். கொப்பை வளைத்து நான்தான் மாட்டினேன், எடுக்காமல் வேலைக்குப் போய்விட்டேன். அந்தப் படத்தில் இடது பக்கம் இருக்கிற குஞ்சு வெயிலில் செத்துவிட்டது." எந்தப் பக்கத்துக் குஞ்சு என்று மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுதினார்.